நாலாம் கட்டில் பேச்சியம்மாள்

காப்பி எல்லாம் வேண்டாம் லோகா அம்மா. நீங்க உட்காருங்க. மிஷினை நிறுத்த வேண்டாம், தைச்சுக்கிட்டே கேளுங்க. எனக்கு அந்தச் சத்தம் இடைஞ்சல் இல்லை. இருபத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரி சத்தத்துக்கு நடுவுல பேசிப் பழகினவ நான்.

லோகா வெளியே போயிருக்காளா? நல்லது. நான் உங்ககிட்ட பேசத்தான் வந்தேன். சின்னப் பிள்ளைககிட்ட ஒரு விஷயத்தைச் சொன்னா உடனே ரோஷம் வந்துரும். தாய்க்குத்தான் முன்னே பின்னே யோசிக்கத் தெரியும்.

நான் யாருன்னு தெரியும்தானே. சுகிர்தா சிஸ்டர். பெண்கள் வார்டு இன்சார்ஜ். உங்க மக சொல்லியிருப்பா. என்ன சொல்லியிருப்பான்னும் ஒரு மாதிரி தெரியும். இருக்கட்டும். நான் அவளைக் குறை சொல்ல வரலை பார்த்துக்கிடுங்க. நல்ல பிள்ளை. தலைமுடியை எடுத்துக் கட்டுறதுல இருந்து செருப்பு வரைக்கும் சுத்தம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசத்துல ஒரு நாள் லேட்டா வந்தது கிடையாது. ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் வேலை நிரந்தரம், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. மூணு டாக்டருங்க, வெளியில இருந்து ஒரு அம்மா. அவங்க கேட்கப்போறது ஒரே கேள்வி. நாலாம் நம்பர் கட்டில் பேச்சியம்மாளுக்கு ரத்த சாம்பிள் எடுத்தது யாரு? அவ்வளவுதான். ஃபார்ம்ல லோகநாயகின்னு இருக்கு. உங்க மக 'ஆமா, நான்தான், புதுசு, தெரியாம நடந்துபோச்சு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. புதுப் பிள்ளைன்னு மன்னிச்சுருவாங்க. நிர்வாக ஆபீசர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார். நல்ல சர்டிபிகேட் கொடுத்து அனுப்புவாங்க. அவளுக்கு இருபத்தி மூணு வயசு, எந்த ஊர்லயும் வேலை கிடைக்கும். எனக்கு அம்பத்தாறு. என்னை அனுப்பினா நான் எங்கே போவேன், சொல்லுங்க.

இல்லை, அவ எடுக்கலை. அதை நான் மறைக்கலை. உங்ககிட்ட என்ன மறைப்பு. எடுத்தது நான். ஆனா ஃபார்ம்ல அவ பேர் இருக்கிறது பொய்யும் இல்லை. அது எங்க வார்டு வழக்கம். சீனியர் எடுப்போம், டிரே பிடிக்கிற ஜூனியர் பேரை 'எடுத்தவர்'னு போடுவோம். ஏன்னா அந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை சாம்பிள் எடுத்தேன்னு கணக்கு காட்டணும், அப்பத்தான் தேறுவாங்க. அவங்க நல்லதுக்குத்தான். எனக்கு என் சீனியர் அப்படித்தான் செஞ்சாங்க. நான் எத்தனை பேருக்குச் செஞ்சிருப்பேன். ஒருத்தியாவது வந்து 'சிஸ்டர், இது நான் எடுக்கலையே'ன்னு நின்னதில்லை. உங்க மகதான் முதல்.

முதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்க வார்டுல பன்னிரண்டு கட்டில். ஒன்பது மணிக்கு லேப்ல இருந்து எல்லா ரிப்போர்ட்டும் வரணும், பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அதனால காலையில ஆறு மணிக்கே ரத்தம் எடுத்துரணும். நான் என்ன செய்வேன், மேஜையில உட்கார்ந்து முதல்லயே எல்லா டியூப்லயும் பேர் எழுதி லேபிள் ஒட்டிருவேன். கட்டில் வரிசையில டிரேயில அடுக்கிருவேன். ஒண்ணுல ஆரம்பிச்சுப் பன்னிரண்டு வரைக்கும் ஒரே நடை. இருபது நிமிஷம். என் கைக்குப் பேரே உண்டு. கண்ணை மூடிக்கிட்டு விரலை வச்சா நரம்பு தெரியும் எனக்கு. ஐசியூல நரம்பு கிடைக்காத கேஸ்னா, 'சுகிர்தா சிஸ்டரைக் கூப்பிடு'ன்னுதான் சொல்வாங்க. பெரிய டாக்டருங்களே கூப்பிடுவாங்க.

இப்ப புதுசா சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டியிருக்காங்க. ரத்தம் எடுக்கிற முறைன்னு. நோயாளியை அவங்க வாயாலேயே பேர் சொல்லச் சொல்லணும். நாம பேரைச் சொல்லி 'நீங்கதானே'ன்னு கேட்கக் கூடாது. கூட இன்னொரு அடையாளமும் கேட்கணும். கையில கட்டியிருக்கிற பேர் எழுதின பட்டையோட ஒத்துப் பார்க்கணும். ரத்தம் எடுத்த பிறகுதான் லேபிள் எழுதணும், அதுவும் கட்டில் பக்கத்துல நின்னே எழுதணும். வெறும் டியூப்ல முன்னாடியே ஒட்டக் கூடாது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுதினவர் ஒரு நாள் வந்து பன்னிரண்டு பேருக்கு அப்படி எடுத்துக் காட்டட்டும்.

உங்க மக அந்தப் பேப்பரை வேதம் மாதிரி எடுத்துக்கிட்டா. ஒரு ஆளுக்கு எட்டு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்திருக்கேன். இன்னொரு அடையாளம்னு எங்க ஃபார்ம்ல இருக்கிறது புருஷன் பேர். நம்ம பக்கத்துப் பொம்பளைங்க அதை வாய்விட்டுச் சொல்லிருவாங்களா? அம்பது வயசுக்காரிகிட்ட கேட்டா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு வராந்தாவைக் கைகாட்டுவா. அங்கே நாலு ஆம்பளை உட்கார்ந்திருப்பான். அதுல யாருன்னு கண்டுபிடிக்கிறது. நாங்க என்ன செய்வோம், பேரை நாங்களே வாசிப்போம், அவங்க தலையாட்டுவாங்க. உங்க மக அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா. 'உங்க அம்மா பேர் என்னக்கா?' அம்மா பேரைக் கேட்டா யாருக்குத்தான் சொல்ல வராது? பேர் மட்டுமா வரும். எங்கம்மா இன்ன ஊரு, எங்கம்மாவுக்கு ஏழு பிள்ளை, கடைசிக் காலத்துல கண்ணு தெரியலைன்னு கதை போகும். அட்மிஷன் அன்னைக்கே கேஸ் ஷீட் ஓரத்துல பென்சில்ல அம்மா பேரை எழுதி வச்சிருவா. நான் கேலி பண்ணியிருக்கேன். 'ஏம்மா, கொள்ளுப்பாட்டி பேரையும் கேட்டு எழுதிவை, கோத்திரம் பார்க்க வசதியா இருக்கும்'னு. சிரிச்சுக்கிடுவா. பதில் சொல்ல மாட்டா. அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காதது.

சரி, நடந்ததைச் சொல்றேன்.

என் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு நான் ரெண்டு நாள் லீவு. மூணாம் நாள் காலையில வர்றேன். நான் இல்லாத அந்த ரெண்டு நாள்ல ரெண்டு பேச்சியம்மாள் வந்து சேர்ந்திருக்காங்க. நாலாம் நம்பர் கட்டில் பேச்சியம்மாளுக்குக் கர்ப்பப்பையில கட்டி, ரத்தம் ரொம்பக் குறைவு, ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் ஏத்தணும். சுப்பையா சம்சாரம். ஒன்பதாம் நம்பர் பேச்சியம்மாளுக்குக் குடலிறக்கம். அவ சண்முகவேல் சம்சாரம். ரெண்டு பேருக்கும் வயசும் ஏறக்குறைய ஒண்ணு. ஆபரேஷன் கேஸ்னா எல்லாருக்கும் ரத்தம் எடுத்து என்ன குரூப்னு பார்த்து வைக்கணும், அதனால ரெண்டு பேருக்கும் சாம்பிள்.

ஒரே பேருன்னதும் ரெண்டு பேருக்கும் ரொம்ப ஒட்டிப்போச்சு. ஒன்பதாம் நம்பர்க்காரிக்கு ராத்திரி அடிக்கடி எந்திரிக்கணும், கக்கூஸ் தூரம். நாலாம் நம்பர் கக்கூஸ் பக்கத்துல இருக்கு. 'நீ இங்கே படுத்துக்கோ, நான் அங்கே போறேன்'னு முந்தின நாள் சாயங்காலம் அவங்களா கட்டிலை மாத்திக்கிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா திட்டுவோம்னு பயம். கேஸ் ஷீட் கட்டில்ல தொங்குது, அது அங்கேயே இருக்கு. இன்னொண்ணு, சுப்பையா சம்சாரத்துக்கு டிரிப் போட்ட கை வீங்கிப்போச்சுன்னு அவ கைப்பட்டையை யாரோ வெட்டி எடுத்து நாலாம் நம்பர் கட்டில் கம்பியில கட்டிவிட்டிருக்காங்க. அது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேட்கலை. அதை விசாரிக்கணுமா வேண்டாமா? என்னைத்தான் எல்லாரும் பிடிச்சிருக்காங்க.

காலையில ஆறு மணி. அன்னைக்கு லோகாவோட முறை. அவதான் எடுக்கணும். நான் வந்து பார்க்கிறேன், ஆறேகாலுக்கு இன்னும் ரெண்டாவது கட்டில்ல நிக்கிறா. அந்தக் கிழவி தன் அம்மா கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கு. எனக்கு எப்படி இருக்கும்? அந்த வாரம் வேற, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் போஸ்ட்டுக்கு யாருன்னு முடிவு பண்றாங்க. என் பேரும் ஆண்கள் வார்டு சிஸ்டர் பேரும் மேலே போயிருக்கு. ரிப்போர்ட் லேட்டானா முதல்ல என் வார்டைத்தான் கேட்பாங்க. 'நீ டிரேயைப் பிடி'ன்னு சொல்லி நான் வாங்கிட்டேன். டியூப்ல எல்லாம் நானே பேர் எழுதி ஒட்டினேன்.

நாலாம் நம்பருக்கு வந்தேன். 'பேச்சியம்மாதானே?' 'ஆமா'ன்னா. பொய்யா அது? அவளும் பேச்சியம்மாதான். லோகா பின்னால நின்னு, 'சிஸ்டர், அவங்க அம்மா பேரைக் கேட்டுருங்க, இந்த வார்டுல ரெண்டு பேச்சியம்மா இருக்காங்க'ன்னா. நோயாளிக முன்னாடி. பன்னிரண்டு பேர் கேட்க. 'நான் ரத்தம் எடுக்க ஆரம்பிச்சப்ப நீ பிறக்கவே இல்லை, வாயை மூடிக்கிட்டு டிரேயைப் பிடி'ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். ஆனாலும் கேட்காம விட்டேன்னு சொல்ல முடியாது. 'சுப்பையா சம்சாரம்தானே?'ன்னு கேட்டேன். அவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. நான் வெட்கம்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. பிறகு அவகிட்டயே போய்க் கேட்டேன், ஏம்மா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னன்னு. 'வேற ஒருத்தர் பேரைச் சொல்லி உன் புருஷன்தானேன்னு கேட்டா சிரிப்பு வராம என்ன செய்யும். அந்தப் பிள்ளையை வேற ஏசிக்கிட்டு இருந்தீங்க, கையில ஊசி வேற, பயமா இருந்துச்சு'ங்கிறா. இதுக்கு நான் என்ன செய்ய.

கையில பட்டை இருந்தது. பார்த்தேன், பார்க்காம இல்லை. பேச்சியம்மாள்னு இருந்தது. அதுக்குக் கீழே இன்னொரு வரி இருந்திருக்கு, சண்முகவேல்னு. அரை வெளிச்சத்துல அதையெல்லாம் யார் வாசிப்பாங்க. பேர் சரியா இருக்கு, கட்டில் சரியா இருக்கு, எடுத்துட்டேன். ஒன்பதாம் நம்பர்ல கையில பட்டையே இல்லை. அவுந்து விழுந்திருக்கும்னு நினைச்சேன். எடுத்துட்டேன். ஏழு மணிக்கு டியூப் எல்லாம் பிளட் பேங்குக்குப் போயிருச்சு. ஃபார்ம்ல எடுத்தவர்னு லோகா பேரை எழுதி, 'கையெழுத்துப் போடு'ன்னேன். 'நான் எடுக்கலையே சிஸ்டர்'னா. மெதுவாத்தான் சொன்னா. 'பிறகு போடு'ன்னு அப்படியே அனுப்பிட்டேன். அதனாலதான் அந்த இடம் காலியா இருக்கு.

மிஷினை ஏன் நிறுத்திட்டீங்க? நூல் அறுந்துபோச்சா. சரி, சரி. கோத்துக்கோங்க.

பத்து மணிக்கு ரவுண்ட்ஸ். டாக்டர் நாலாம் நம்பர்ல வந்து வயித்தை அமுக்கிப் பார்த்தார். 'கட்டி எங்கே ஒளிஞ்சுக்கிட்டுது'ன்னார். அந்தப் பொம்பளை, 'கட்டி எனக்கு இல்லைங்க, அந்தா அந்த அக்காவுக்கு'ன்னு ஒன்பதாம் நம்பரைக் காட்டினா. வார்டே சிரிச்சுது. டாக்டர் என்னைப் பார்த்து, 'என்ன சிஸ்டர், கல்யாண வீட்டுல இருந்து இன்னும் திரும்பலையா'ன்னார். எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கிடுறதுன்னு தெரியலை. ரெண்டு பேரும் பிளாஸ்க்கையும் துணிப்பையையும் எடுத்துக்கிட்டு அவங்கவங்க கட்டிலுக்கு நடந்து போனாங்க. கம்பியில கட்டியிருந்த பட்டையை நானே அவுத்து, சுப்பையா சம்சாரம் கையில பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். வேலை முடிஞ்சது. ரவுண்ட்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போச்சு.

அதுல என்ன தப்பு? கட்டில் மாறிப்போச்சு, சரி பண்ணியாச்சு. ரவுண்ட்ஸ் நேரத்துல ஒரு இன்சார்ஜுக்கு எத்தனை வேலை இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. ஒருத்தருக்கு டிரெஸ்ஸிங், ஒருத்தருக்கு எக்ஸ்ரே, ஒருத்தி புருஷன் பில்லைப் பத்திச் சண்டை. காலையில எடுத்த ரத்தம் அந்த நேரத்துல யார் ஞாபகத்துல இருக்கும். எனக்கு ஒண்ணும் தோணலை. லோகா என்னை ஒரு தடவை பார்த்தா. பார்த்தா, அவ்வளவுதான். வாயைத் திறக்கலை. நான் அதைத்தான் நாளைக்குக் கேட்கலாம்னு இருந்தேன். உனக்குப் பத்து மணிக்கே தெரியும்னா மதியம் வரைக்கும் ஏன் வாயைத் திறக்கலை? கேட்டா என்ன பதில் சொல்லுவா? அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டாம்னுதான் உங்ககிட்ட வந்திருக்கேன். அவ நல்லதுக்கு.

ரெண்டு மணிக்கு பிளட் பேங்க்ல இருந்து பாட்டில் வந்தது. பி குரூப். பேச்சியம்மாள், சுப்பையா சம்சாரம், நாலாம் நம்பர் கட்டில். பேர் சரி, கட்டில் சரி, கையில பட்டை சரி. ரெண்டு நர்ஸ் நின்னு ஒத்துப் பார்க்கணும்னு விதி. அதையும் நான் மீறலை. லோகாவைத்தான் கூப்பிட்டேன். அவ வந்து பாட்டிலைப் பார்த்தா. அந்தப் பொம்பளைகிட்ட குனிஞ்சு, 'அக்கா, காலையில ஊசி குத்தும்போது நீங்க எந்தக் கட்டில்ல படுத்திருந்தீங்க'ன்னு கேட்டா. 'அங்கே'ன்னு அவ கையைக் காட்டினா.

உங்க மக நிமிர்ந்தா. 'சிஸ்டர், இந்த ரத்தத்தை ஏத்தக் கூடாது. சாம்பிள் மாறியிருக்கு. திரும்ப எடுத்து அனுப்புவோம்'னா. காலையில அத்தனை ஏச்சு வாங்கினவ. ஆனா சொல்லிட்டா. சுத்தி எல்லாரும் பார்க்கிறாங்க. அந்தப் பொம்பளையோட தம்பி ஒருத்தர் நிக்கிறார். எல்லார் முன்னாடியும் சாம்பிள் மாறியிருக்குன்னா என்ன அர்த்தம்? அந்த வாரத்துல? 'பிளட் பேங்க்ல சோதிச்சுத்தான் அனுப்பியிருக்காங்க, எனக்குத் தெரியாததா'ன்னு சொல்லிக் குழாயைச் சொருகினேன். அவ கையை நீட்டிக் குழாயில இருக்கிற திருகைப் பிடிச்சுக்கிட்டா. விட மாட்டேன்னு. நான் கையைத் தட்டிவிட்டேன். லேசாத்தான். கோபத்துல ஒரு அடி விழுந்திருக்கலாம், அடிக்கணும்னு அடிக்கலை. ரத்தம் இறங்க ஆரம்பிச்சுது.

எவ்வளவு இறங்கியிருக்கும்னு நினைக்கிறீங்க. ஒரு டம்ளர்ல கால்வாசி இருக்காது. அந்தப் பொம்பளை, 'இடுப்பு விட்டுப்போற மாதிரி வலிக்குதே'ன்னா. உடம்பு தூக்கிப்போட்டுச்சு. பல்லு அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுது. எனக்குக் கை ஓடலை. அதை ஒத்துக்கிடுறேன். பாட்டிலை நிறுத்தி, குழாயைக் கழத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, உப்புத்தண்ணி டிரிப் மாத்தினது எல்லாம் லோகாதான். நான் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தா, அவ ஓ குரூப். பி ஏறினா அந்த உடம்பு தாங்காது. மூத்திரம் சிவப்பாப் போச்சு, பிறகு வரவே இல்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் பண்ணினாங்க. ரெண்டு தடவை. இன்னைக்கு ஒன்பது நாள் ஆச்சு. நேத்து மூத்திரம் கொஞ்சம் தெளிவா வந்திருக்காம். பிழைச்சுக்கிடுவான்னு சொல்றாங்க. நான் தினமும் ஜெபம் பண்றேன். என் வீட்டுல கேட்டுப் பாருங்க, ஒன்பது நாளா நான் சரியாச் சாப்பிடலை.

பிழைச்சுட்டாள்ல. அதைத்தான் சொல்ல வர்றேன். உயிர் போயிருந்தா விஷயம் வேற. இப்ப ஒரு சின்ன வார்த்தையில எல்லாருக்கும் நல்லதா முடிச்சுரலாம். நிர்வாக ஆபீசர் ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்திருக்கார், என் பையில இருக்கு. லோகா வந்தா வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாப் போதும். நாளைக்கு அவ பேசக்கூட வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா. அப்பா இல்லாத பிள்ளை, அம்மா சொல்லைத் தட்ட மாட்டான்னு எனக்குத் தெரியும்.

என்ன சொல்றீங்க?

என்ன, ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டாளா? எப்ப? இன்னைக்குக் காலையிலயா? யார்கிட்ட? நேரா விசாரணை டாக்டர்கிட்டயேவா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் இன்சார்ஜ். என் வழியாத்தான் எதுவும் மேலே போகணும். அதுவும் ஒரு விதிதான், அது அந்தப் பேப்பர்ல இல்லையாக்கும்.

நகல் இருக்கா? கொடுங்க. கொடுங்க லோகா அம்மா, நான் கிழிச்சுர மாட்டேன். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. கண்ணாடி பையில இருக்கு, இருங்க.

கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. முத்து முத்தா.

'காலை ஆறரை மணியளவில் நான்காம் எண் கட்டிலிலும் ஒன்பதாம் எண் கட்டிலிலும் இருந்தவர்களுக்குச் சாம்பிள் எடுத்தவர் சுகிர்தா சிஸ்டர். நான் டிரேயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.' சரி. எழுதிட்டா. 'படிவத்தில் என் பெயர் இருக்கிறது. நான் எடுக்காததால் கையெழுத்திடவில்லை.' சரி. 'பத்து மணிக்கு இருவரும் கட்டில் மாறிப் போனபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் சிஸ்டர் கோபப்பட்டதால் மறுபடி சொல்லப் பயந்தேன். இரத்தம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான்கு மணி நேரம் சொல்லாமல் இருந்தது என் தவறு. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.'

இதை ஏன் எழுதினா? இதை எழுதச் சொல்லி யார் சொன்னது? இதை வச்சே அவளை வெளியே அனுப்பிருவாங்களே. நீங்க வாசிச்சீங்களா, வாசிச்சுட்டுமா விட்டீங்க? என்ன பிள்ளை இது. நான் கேட்கலாம்னு வச்சிருந்ததை அவளே எழுதிக் கொடுத்திருக்கா.

கையைத் தட்டிவிட்டதை எழுதலையே. 'ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். சிஸ்டர் ஏற்றினார்.' அவ்வளவுதான் இருக்கு. திருகைப் பிடிச்சதையும் எழுதலை, நான் அடிச்சதையும் எழுதலை. மறந்துட்டாளா? மறக்கிற பிள்ளை இல்லையே அவ. கையில ரெண்டு நாள் தடிச்சுப்போய் இருந்ததை நானே பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீங்க. உங்களுக்கும் என்னன்னு சொல்லலையா?

சரி. இருங்க, கடைசியில இன்னும் ஒரு வரி இருக்கு.

'சுகிர்தா சிஸ்டர் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு நாள் விடுப்பில் இருந்து வந்திருந்தார். பத்து மணிக்கு நோயாளிகள் கட்டில் மாறியதைச் சாம்பிளோடு சேர்த்து அவர் கவனித்திருக்க மாட்டார்.'

கவனித்திருக்க மாட்டாராம்.

நல்லா இருக்கே. எனக்காகப் பரிஞ்சு பேசுறாளாக்கும். எட்டு மாசப் பிள்ளைக்குத் தோணினது இருபத்தொன்பது வருஷம் சர்வீஸ் போட்டவளுக்குத் தோணாது. அப்படித்தானே இதுக்கு அர்த்தம்? இதை அந்த ஆண்கள் வார்டு சிஸ்டர் வாசிப்பா. மூணு டாக்டரும் வாசிப்பாங்க. சுகிர்தாவுக்கு வயசாகிப்போச்சு, பாவம், கண்ணு முன்னாடி நடக்கிறதே தெரியலைன்னு பேசுவாங்க. இந்த வரியை அடிக்கச் சொல்லுங்க. மத்ததை எல்லாம் வச்சுக்கிடட்டும், நான் எடுத்தேன்னு எழுதினதைக்கூட வச்சுக்கிடட்டும். இந்த வரி வேண்டாம்.

அன்னைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேச்சியம்மாளும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு எதிரும் புதிருமா நடந்து போறாங்க. நாலாம் நம்பர்க்காரி வந்து உட்கார்ந்து கையை நீட்டுறா, பட்டை ஒட்டுறதுக்கு. முழங்கை மடிப்புல காலையில நான் ஒட்டின பஞ்சு இருக்கு. ஒன்பதாம் நம்பர்ல ஒட்டின பஞ்சு. நான் ஒட்டினது எனக்குத் தெரியாதா, நான் பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்ட மாட்டேன், நீளவாக்குலதான் ஒட்டுவேன். அதைப் பார்த்துக்கிட்டேதான் பட்டையை ஒட்டினேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்ட்டார். போன் மேஜையிலதான் இருக்கு. பத்து அடி. பிளட் பேங்குக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதும். அப்பத்தான் லோகா என்னைப் பார்த்தா. நான் ஒன்பதாம் நம்பர் கேஸ் ஷீட்டை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சேன். ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிச்சேன்.

என்ன லோகா அம்மா அப்படிப் பார்க்கிறீங்க.

தையுங்க. யாரோ அவசரமாக் கேட்டிருப்பாங்கள்ல அந்த ஜாக்கெட்டை.

வாசல்ல செருப்புச் சத்தம் கேட்குது. அவளா? வரட்டும். நான் இருக்கேன். என் பையில இருக்கிற பேப்பரைப் பத்தி அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கடைசி வரி தப்புன்னு மட்டும் நானே அவகிட்ட சொல்லிக்கிடுறேன்.